ஊட்னடாட்டா போகிறீர்களா? வின்ச்சை விடுங்கள், ஸ்டெப்னியைக் கழற்றிப் பாருங்கள்

மெல்பனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். போன வருடம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் ஃபோர்வீல் டிரைவ் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஜூலை பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா என்று ஐந்து பேராக ஊட்னடாட்டா டிராக்கில் போக ஆசை. கையில் எட்டாயிரம் டாலர் இருக்கிறது. "வின்ச், ஸ்நார்கல், புல் பார், கூரை டென்ட், பெரிய டீசல் டேங்க், இதில் எதை முதலில் போடுவது அண்ணா?" என்று கேட்கிறார்.

(வின்ச் என்பது மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார், ஸ்நார்கல் இஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய், புல் பார் வண்டி முகப்பில் மாட்டும் இரும்புத் தடுப்பு.) இந்தப் பயணத்துக்கு இதில் ஒன்றுமே வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

முதலில் பாதை. தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயில் தொடங்கி, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண் ரோடு. பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும். அந்த ரயில் 1980 வரை அந்த வழியில்தான் ஓடியது. நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், பாலைவனத்தில் தானாகப் பொங்கும் ஊற்றுகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ரயிலுக்கு முன்னால் ஒட்டகக்காரர்களும், அவர்களுக்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்னால் அந்த மண்ணின் ஆதிக்குடிகளும் நடந்த தடம் அதே ஊற்று வரிசைதான். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரங்கள் நிற்கும், ஊற்று நீரில் குளிக்கலாம், அப்பாவுக்குப் பிடிக்கும்.

இப்போது டீசல் கணக்கு. மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் 200 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, அப்புறம் மார்லா 210 போல. சுமை ஏற்றிய உங்கள் வண்டி மண் ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டருக்கு 28 லிட்டர். உங்கள் டேங்க் 80 லிட்டருக்குக் குறையாது. பெரிய டேங்க் எதற்கு? ஒரு பம்ப் மூடியிருந்தால் கைகொடுக்க 20 லிட்டர் கேன் ஒன்று போதும். கிளம்பும் முன் வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போன் போட்டு டீசல் இருக்கிறதா, கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு ஒன்றிரண்டு பம்ப்தான். (சிம்ப்சன் பாலைவன மணல் மேடுகளைத் தாண்டப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே டீசல் செலவு வேறு ரகம், அங்கே பெரிய டேங்க் நியாயம்.)

வின்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வின்ச் கயிற்றைக் கட்ட ஒரு மரம் வேண்டும். அந்தச் சமவெளியில் பல இடங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்புக் கூழாங்கல்தான், மரம் எங்கே போய்த் தேடுவது? ஸ்நார்கல் ஆழத் தண்ணீரில் இறங்குகிறவனுக்கு. ஓடையில் வெள்ளம் வந்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள், மூடிய ரோட்டில் போனால் அபராதம், மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவும் உங்கள் தலையில். வெள்ளம் வந்தால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அதற்காகவே பயணத் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் என்று ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி போடுகிறவர்கள்தான் ஈர மண்ணில் வண்டியை இறக்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் எடை. யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு இது. வண்டியின் கையேட்டில் மொத்த எடை வரம்பு ஒன்று இருக்கும். அதில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது, உங்கள் ரக வண்டிகளில் 600, 700 கிலோ போல வரும். ஐந்து பேர் 330 கிலோ. தண்ணீர் 100. புல் பாரும் வின்ச்சும் சேர்ந்து 100. கூரை டென்ட் 60. உணவோடு ஃபிரிட்ஜ் 45. இன்னும் துணிமணி, சாமான், பாத்திரம், ஸ்டவ், கருவிப் பெட்டி எதுவும் ஏறவில்லை, 635 ஆகிவிட்டது. வரம்பைத் தாண்டினால் சட்டப்படி தப்பு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஸ்பிரிங்கும் டயரும் அதற்கு முன்பே பதில் சொல்லிவிடும். கூரைக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளில் 80, 100 கிலோதான், அதில் கேரியரின் எடையும் அடக்கம். எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடை மேடைக்கு ஓட்டிப்போய் நிறுத்திப் பாருங்கள்.

சரி, காசை எங்கே போடுவது? டயரில்.

பழைய வண்டியோடு வந்த டயர்கள் பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டும் ரகமாக இருக்கும், பக்கச் சுவர் மெல்லிசு. அந்தக் கூழாங்கற்கள் சில கத்தி மாதிரி, பக்கச் சுவரைக் கிழித்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. லைட் டிரக் ரகம், ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் ஆகிற) டயர் ஐந்து வாங்குங்கள், முடிந்தால் ஆறாவதும். ஒன்று 400 டாலர் போல ஆகும். கூடவே ஒரு நல்ல காற்றுக் கம்ப்ரசர், காற்று அளக்கும் கேஜ், பஞ்சர் ஒட்டும் செருகல் கிட். தார் ரோட்டில் 36, 38 பிஎஸ்ஐ வைத்து வந்தீர்களென்றால் மண் ரோடு தொடங்கும் மாரீயில் 28, 30க்கு இறக்கிவிடுங்கள். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், 80க்கு மேல் போகாதீர்கள். குறைந்த காற்றில் நூறில் பறந்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி அளங்கள். 4 பிஎஸ்ஐ போல ஏறியிருந்தால் சரி, லைட் டிரக் டயரென்றால் 6 வரை. அதற்கு மேல் ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று போதவில்லை, டயர் அதிகம் வளைந்து சூடேறுகிறது என்று அர்த்தம். ரொம்பக் குறைவாக ஏறியிருந்தால் காற்று அதிகம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். எனக்கு நடந்தது. சில வருடம் முன்னால் வில்லியம் கிரீக்குக்குத் தெற்கே ஒரு மத்தியானம் பின் டயர் போனது. பஞ்சர்தானே என்று ஸ்பேனரைப் போட்டால் நட்டு அசையவில்லை. கிளம்பும் முன் டயர் மாற்றிய கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கித் தள்ளியிருந்தார்கள். வண்டியோடு வந்த ஸ்பேனர் ஒரு முழம்கூட இல்லை. அதன் மேல் ஏறி நின்று குதித்தேன், ஸ்பேனர்தான் வளைந்தது. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கலாம் என்று போனால் அதன் சங்கிலிச் சுருளுக்குள் புழுதி போய் இறுகி, கைப்பிடி சுற்றவே மாட்டேன் என்றது. இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்து மாட்டுப் பண்ணை ஆள் ஒருவர் யூட்டில் (பின்னால் திறந்த சிறு வண்டி) வந்தார். ஒன்றும் பேசவில்லை, பின்னாலிருந்து ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனர் கைப்பிடியில் செருகினார், ஒரே அமுக்கு. நட்டு "டக்"கென்று விட்டது. அன்றைக்கு வாங்கிய குழாய் இன்னும் என் வண்டியில் கிடக்கிறது.

அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை, வீட்டு வாசலிலேயே வண்டியோடு வந்த ஜாக்கியை வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். உங்கள் மனைவியும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். ஜாக்கி உயரம் போதுமா, லாக் நட்டுக்குச் சாவி எங்கே, ஸ்டெப்னி இறங்குகிறதா, அதில் காற்று இருக்கிறதா, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடிப்பலகை எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணில் ஜாக்கி உள்ளே இறங்கும்.

அடுத்த செலவு சர்வீஸ். ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி, பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், பேட்டரி, ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எல்லாம் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஆனால் கிளம்பும் முந்தைய நாள் வேண்டாம். மாற்றிய சாமான் ஏதாவது சரியில்லையென்றால் அது ஊருக்குள் ஓடும்போதே தெரிய வேண்டும். மண் ரோட்டில் குறுக்கே வரி வரியாக மேடு பள்ளம் இருக்கும், தகரக் கூரை மேல் ஓட்டுவது மாதிரி நாள் முழுக்க அதிரும். அந்த அதிர்ச்சியில் போல்ட் எல்லாம் தளரும். சாயங்காலம் டீ போடும்போது ஒரு சுற்று வந்து வீல் நட்டு, பேட்டரி கிளாம்ப், கூரைக் கேரியர் போல்ட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

தகவல் தொடர்பு. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் போன் சிக்னலை மறந்துவிடுங்கள். எந்தக் கம்பெனி டவரும் இல்லாத இடத்தில் அவசர எண் 000 அடித்தாலும் போகாது. பிஎல்பி என்று கையடக்க அவசரக் கருவி ஒன்று வாங்குங்கள், 350 டாலர் போல. உயிருக்கு ஆபத்து என்றால் அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும், கான்பராவில் இருக்கும் மீட்பு மையம் தேடலைத் தொடங்கும். கருவியை அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும், இலவசம்தான், பதிவில் பயண விவரமும் சேர்க்கலாம். ஆனால் பிஎல்பி பேசாது, "டயர் போச்சு, நாளைக்கு வருவோம்" என்று வீட்டுக்குச் சொல்ல முடியாது. அதற்கு வாடகைக்கு ஒரு சாட்டிலைட் போன் எடுங்கள், அல்லது சாட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி. வண்டிக்கு வண்டி பேச யுஹெச்எஃப் ரேடியோவும் வேண்டும். சேனல் 40இல் லாரிக்காரர்கள் பேசுவார்கள். ரோட் டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி, 53 மீட்டர் நீளம் வரை வரும், அதன் புழுதிக்குள் நீங்கள் ஒன்றும் பார்க்க முடியாது, எதிரே வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

மெல்பனில் ஒருவரிடம் எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிக் கொடுங்கள். இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தெற்கு ஆஸ்திரேலியப் போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். "போய்ட்டு வந்து பேசறோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் எத்தனை நாளில் கவலைப்படத் தொடங்குவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் குடிக்க ஒருவருக்கு நாளைக்கு 5 லிட்டர், சமையல், கைகழுவல் எல்லாம் சேர்த்து 10. ஐந்து பேருக்கு இரண்டு நாள் என்று 100 லிட்டர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும், ஊர் வந்ததும் நிரப்புங்கள். ஒரே பெரிய தொட்டியில் வேண்டாம், பத்து லிட்டர் கேன்களாக, வண்டிக்குள் தரையில். ஒன்று ஒழுகினால் ஒன்றோடு போகும்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டுப் போகாதீர்கள். 1963 டிசம்பரில் மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் டிராக்கில் கிளம்பிய பேஜ் குடும்பம், தாய் தகப்பன் மூன்று மகன்கள், வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, கடைசியில் காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் வெயிலில் இறந்துபோனார்கள். விமானத்திலிருந்து தேடுகிறவருக்குக் காரின் கூரை தெரியும், நடந்து போகிற மனிதன் தெரியமாட்டான். கார்தான் நிழலும். ஜூலையில் பகலில் இருபது டிகிரி போலத்தான் இருக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும், அதனால் உங்களுக்கு ஆபத்து குறைவு. இதே கேள்வியை ஜனவரிப் பயணத்துக்குக் கேட்டிருந்தால் போகவே வேண்டாம் என்றிருப்பேன். 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது.

அப்பாவின் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். அவருடைய விசிட்டர் இன்சூரன்சில் ஆம்புலன்ஸ் உண்டா என்று படித்துப் பாருங்கள். அப்புறம் காலை, மாலை இருட்டில் ஓட்டாதீர்கள், கங்காருவும் மாடும் ரோட்டுக்கு வரும் நேரம் அது. ஐந்து மணிக்குக் கூடாரம் போட்டுவிடுங்கள். கூரை டென்ட் இல்லாமல் தரை டென்ட் இரண்டு வாங்கினால் முந்நூறு நானூறில் முடியும், அப்பா ராத்திரி எழுந்து ஏணியில் இறங்கும் வேலையும் இல்லை.

இன்னொன்று. மில்டுரா வழியாகப் போனால் ரென்மார்க்குக்கு முன் யாம்பாவில் நிறுத்திச் சோதிப்பார்கள், பழ ஈக்காக. வாழைப்பழம் மட்டுமில்லை, தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே தொட்டியில் போய்விடும். காய்ந்த மிளகாய், ஊறுகாய், வதக்கி வைத்த தொக்கு பிரச்சினை இல்லை. காய்கறியைப் போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து மாரீ போகும் வழியில் பெரிய கடை கிடையாது.