அண்ணன் இல்லாமல் திரும்பிய தம்பியை அப்பா ஊருக்குள் விடவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் பெயர் டியூசர், கிரேக்கத் தீவான சலமிஸின் மன்னர் டெலமோனின் இளைய மகன். 10 வருடம் டிராயில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பிய என்னை அப்பா கரையில் கால் வைக்கவே விடவில்லை. அண்ணன் அஜாக்ஸ் இல்லாமல் வந்துவிட்டேன், அதுதான் என் குற்றம்.

போரில் இறந்துபோன எங்கள் மாவீரன் அக்கிலிஸின் கவசத்தை அண்ணனுக்குத் தராமல் ஒடீசியஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அவமானத்தில் அவனுக்குப் புத்தி பேதலித்து, ஆடு மாடுகளை எதிரிகள் என்று நினைத்து வெட்டிப்போட்டு, தெளிந்ததும் டிராய் இளவரசன் ஹெக்டர் பரிசாகத் தந்த வாளின் மேலேயே விழுந்து உயிரை விட்டுவிட்டான். நான் அப்போது மைசியாவில் இருந்தேன். ஓடி வந்து பார்த்தால் உடல்தான் கிடந்தது. அடக்கம் செய்யவே கூடாது என்ற எங்கள் அரசர்கள் அகமெம்னானிடமும் மெனலாஸிடமும் மல்லுக்கு நின்றுதான் அவனை மண்ணில் சேர்த்தேன்.

அப்பாவோ, நான் கோழை என்கிறார், இல்லையென்றால் அரியணைக்கு ஆசைப்பட்டு அவனைச் சாக விட்டுவிட்டேனாம். என் அம்மா வேறு, அண்ணனின் அம்மா வேறு. ஹெராக்கிளிஸ் டிராயைப் பிடித்தபோது அப்பாவுக்குப் பரிசாகத் தந்த டிராய் இளவரசி ஹெசியோனிதான் என் அம்மா. அப்படிப் பார்த்தால் டிராய் மன்னர் பிரியாம் எனக்குத் தாய்மாமன்! மாமன் பிள்ளைகள் மேல் நான் அம்பு விட்டது யாருக்காக? அண்ணனுடைய பெரிய கேடயத்துக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து எய்துவிட்டு, அம்மா முந்தானைக்குள் ஒளியும் குழந்தை மாதிரி மறுபடி அவனிடமே ஒடுங்கிக்கொள்வேன்.

கப்பலில் நின்றபடியே அப்பாவிடம் என் நியாயத்தைச் சொன்னேன். போய்விடு என்றார். சைப்ரஸுக்குப் போய் ஒரு நகரம் அமை என்று அப்போலோவின் வாக்கு இருக்கிறது. போகவா, இங்கேயே நின்று இன்னும் கெஞ்சவா? அந்த நகரத்துக்குச் சலமிஸ் என்று பெயர் வைத்தால் அப்பாவிடம் பணிந்துபோனதாக ஆகுமா?

டியூசர்

பதில்:

அன்புள்ள டியூசர்,

உங்கள் அப்பாவின் சொந்த ஊர் சலமிஸ் இல்லை, ஏஜினா தீவு. அங்கே அவரும் உங்கள் சித்தப்பா பெலியஸும் சேர்ந்து ஃபோகஸைக் கொன்றார்கள். ஃபோகஸ் அவர்களுக்கு யார்? இன்னொரு தாய் வயிற்றில் பிறந்த சகோதரன். தாத்தா ஏயகஸ் நீதிக்குப் பேர்போனவர், மகன்கள் என்று பார்க்காமல் இருவரையும் துரத்திவிட்டார். நான் கொல்லவில்லை என்று டெலமோன் திரும்பி வந்து கெஞ்சியபோதும் அவரைத் தீவில் கால் வைக்க விடாமல், கடலில் இருந்தபடியே பேசு என்றார். ராத்திரியோடு ராத்திரியாகக் கடலுக்குள் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதில் நின்று வாதாடித் தோற்றுப்போனவர் உங்கள் அப்பா.

இப்போது அவர் முன்னால் வேறு தாய்க்குப் பிறந்த ஒரு தம்பி தனியாக வந்து நிற்கிறான், அண்ணனைக் காணோம். அவர் மனசு உடனே எங்கே போயிருக்கும்? தான் செய்ததையே நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறார். அதனால்தான் நீங்கள் எத்தனை சாட்சி சொன்னாலும் அது அவர் காதில் ஏறவில்லை, இன்னும் ஒரு வருடம் கப்பலில் நின்று கத்தினாலும் ஏறாது என்றே நினைக்கிறேன். இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. மகனை இழந்த துக்கத்தில் இருக்கிற மகனையும் இழப்பது பெரிய கொடுமை, அதை அவர்தான் சுமக்க வேண்டும்.

இன்னொன்று. "நான் அப்போது மைசியாவில் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா சொல்வதற்கு முன்பே நீங்களும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களோ என்று படுகிறது. போரில் உயிர் பிழைத்து வந்தவர்கள் பலருக்கும் இந்த உறுத்தல் வரும். அஜாக்ஸ் எடுத்த முடிவு அவனுடையது, பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவனுக்காக நீங்கள் செய்ய முடிந்தது அடக்கம், அதை இரண்டு அரசர்களை எதிர்த்துச் செய்தீர்கள்.

சரி, கிளம்புங்கள். ஆனால் அண்ணன் மகன் யூரிசேசஸைத் தாத்தா பாட்டியிடமே விடுங்கள். தன் பிள்ளை அவர்களிடம் வளர வேண்டும் என்பது அஜாக்ஸின் விருப்பம், உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்தக் குழந்தை இழுபட வேண்டாம். ஊருக்குச் சலமிஸ் என்றே பெயர் வையுங்கள். நீங்களும் அஜாக்ஸும் வளர்ந்த ஊர் அது, அப்பாவுக்கு மட்டுமா அதில் உரிமை?

அப்புறம், இவ்வளவு எழுதியும் இதற்கு அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட இல்லை. பிறந்த வீட்டையே மொத்தமாக இழந்துவிட்டு அவரும் அந்தத் தீவில்தான் இருக்கிறார். கப்பல் எடுப்பதற்கு முன் அவரிடம் ஆள் அனுப்பிப் பேசுங்கள்.