வாசகர் கேள்வி – பதில்: வெளியோட்டம் கலங்கினால் அடியில் என்ன ஆகும்?

கேள்வி: காற்றுச் சுரங்கத்தில் தட்டையான தகட்டின் மேல் எல்லை அடுக்கு (தகட்டை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் காற்று) முன்பே கொந்தளிப்பாகத்தான் இருந்தது. முன்னால் கம்பிவலை வைத்ததும் உராய்வு இன்னும் கூடிவிட்டது. ஏன்?
– பொறியியல் மாணவி, தஞ்சாவூர்

பதில்: மாற்றம் தொடங்குவது அடுக்கின் வெளிப்பாதியில். வலை இல்லாதபோது அங்கே கொந்தளிக்கும் காற்றுக்கும் அமைதியான வெளியோட்டத்துக்கும் நடுவே மேடுபள்ளமான ஓர் எல்லை இருக்கும். வெளியிலிருந்தும் சுழல்கள் வந்தால் அந்த எல்லை மங்கி, வேகமான காற்று அடுக்குக்குள் எளிதாக இறங்கும். அதனால் தகட்டிலிருந்து மேலே போகப்போக வேகம் மாறுவதைக் காட்டும் திசைவேக வரைபடம் புடைத்து நிறையும். வடிவ எண் (வரைபடம் நிறைய நிறையக் குறையும் எண்) 1.4-லிருந்து 1.3 பக்கம் இறங்கும், உராய்வு ஏறும். வெளிக் கொந்தளிப்பு, அதாவது வேகத்தின் ஏற்ற இறக்கம், சராசரி வேகத்தில் 5, 6 விழுக்காடு என்றால் உராய்வு 10 முதல் 20 விழுக்காடு வரை கூடக்கூடும். வெப்பப் பரிமாற்றம் அதைவிடச் சற்று அதிகமாகவே கூடும்.

சுவரை, அதாவது தகட்டின் பரப்பை, ஒட்டி வேகம் உயரும் விதத்தைச் சொல்லும் மடக்கை விதி மட்டும் அசையாது. அதற்கு மேலே உள்ள, 'வேக்' எனப்படும் வெளிப்பகுதிதான் சுருங்குகிறது. ஆகவே அந்த விதியை வைத்து உராய்வு காணும் கிளாசர் வரைபடம், சுவரை ஒட்டி அழுத்தம் அளக்கும் பிரஸ்டன் குழாய் இரண்டையும் நம்பி உராய்வை எடுக்கலாம்.

விழுக்காட்டை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். சுழலின் அளவும் வேண்டும். ஆய்வாளர்கள் ஹான்காக், பிராட்ஷா இருவரும் 1983-ல் தந்த அளவீடு இது: கொந்தளிப்பு விழுக்காட்டை, 'சுழல் நீளம் ÷ அடுக்கின் தடிமன்' என்ற விகிதத்தோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 5 விழுக்காடு, விகிதம் 0.5 என்றால் விடை 2. அதே 5 விழுக்காடு, விகிதம் 3 என்றால் 1தான். அடுக்கைவிடப் பெரிய சுழலைச் சுவர் மேலும் கீழும் அசையவிடாது. அதனால் அதன் பாதிப்பு குறைவு.

அந்தச் சுழல் நீளத்தை ஒரே இடத்தில் அளந்து பெற முடியாது. ஹாட்வயரை (வேகத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் சூடான நுண்கம்பி) ஓட்டத்தின் நீளத்தில் நாலைந்து இடங்களில் வைத்து, கொந்தளிப்பு தேயும் வேகத்திலிருந்து கணக்கிடுங்கள். வலைக்கண் அகலத்தைப் போல 20 மடங்கு தள்ளித்தான் ஓட்டம் சீராகும். தகட்டின் முனையை அதற்கு முன்னால் வைக்க வேண்டாம். வலையின் தடையால் காற்றின் வேகம் குறையும், விசிறியைத் திருத்திப் பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பலரும் சறுக்குவது ஒப்பிடும்போதுதான். வலையோடும் வலையில்லாமலும் தகட்டின் முனையிலிருந்து ஒரே தூரத்தில் அளந்து ஒப்பிடுகிறார்கள். உந்தத் தடிமனை (உராய்வால் இழந்த உந்தத்தைக் காட்டும் தடிமன்) வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் சமமாக உள்ள இடங்களைத்தான் ஒப்பிட வேண்டும். அந்த எண் 2000-க்குக் கீழே இருந்தால் பிசுக்குமையின் (காற்றின் ஒட்டும் தன்மை) பிடியில் விளைவே மங்கிவிடும். சிறிய சுரங்கங்களில் 'ஒன்றும் மாறவில்லை' என்று முடிவு வருவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் வாய்க்காலில் மதகுக்குக் கீழே கல் பதித்த இடம் முடிந்ததும் கரை அரிக்கிறது. நூறடி தள்ளி அதே வேகத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது, அங்கே கரை நிற்கிறதே?
– விவசாயி, திருவையாறு

பதில்: சராசரி வேகம் ஒன்றாக இருந்தாலும் மதகுக்குக் கீழே சுழல்கள் அடங்கியிருக்காது. நொடிக்கு நொடி ஏறி இறங்கும் அந்த உச்ச இழுப்புதான் கல்லைப் பெயர்க்கும். வாய்க்காலில் ஆழம் முழுவதுமே எல்லை அடுக்கு என்பதால், மேலே சொன்ன காற்றுச் சுரங்கக் கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. கல்லின் அளவுக்கு இஸ்பாஷ் சூத்திரம் உண்டு. அதில் அமைதியான ஓட்டத்துக்குக் குணகம் 1.20, கலக்கமான ஓட்டத்துக்கு 0.86. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முதலாவதுக்கு 9 செ.மீ. கருங்கல் போதும், இரண்டாவதுக்கு 17 செ.மீ. வேண்டும். அதாவது எடையில் ஏழு மடங்குக்கும் மேல்.

கல்லுக்கு அடியில் மணல், ஜல்லி வடிகட்டி அடுக்கு கட்டாயம். அது இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியாக மண் உறிஞ்சப்பட்டு, எவ்வளவு பெரிய கல்லும் உள்வாங்கும். பல ஷட்டர் உள்ள மதகில் ஒன்றை மட்டும் முழுதாகத் தூக்கினால் ஓட்டம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கரையோரம் சுழலும். எல்லாவற்றையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொல்லி, மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் பேசுங்கள்.