அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?

வணக்கம் ஐயா,

ஜூன் விடுமுறையில் என் மகனோடு ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ பார்த்தேன். தொடக்கநிலை 4 படிக்கிறான். தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிட, மிச்சமிருக்கும் ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். தன்னிடம் இருப்பதன் அருமை அவனுக்குப் புரியட்டும் என்றுதான் காட்டினேன். படம் முடிந்ததும், “உன்கிட்ட எத்தனை ஷூ இருக்கு, எண்ணிப் பாரு” என்றேன். அவன் எண்ணவில்லை. “அவங்க அப்பாகிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டான். அடிப்பார் என்ற பயம் என்றேன். அவனுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். இந்தப் படத்திலிருந்து பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்வது?

வாசகி, செங்காங்

*

அன்புள்ள சகோதரி,

காலணியை எண்ணுவதோடு முடிந்திருந்தால் நல்ல படம் ஒன்று வீணாகியிருக்கும். உங்கள் மகன் காப்பாற்றிவிட்டான்.

மஜித் மஜிதி 1997-இல் எடுத்த ஈரானியப் படம் அது. அடிக்குப் பயம் உண்டுதான். ஆனால் வாடகை பாக்கி, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் அலிக்கும் ஸஹ்ராவுக்கும் தெரியும். அப்பாவும் அம்மாவும் அதே அறையில் இருப்பதால், வீட்டுப்பாடம் எழுதுவதுபோல நோட்டில் எழுதியே பேசிக்கொள்கிறார்கள். வீட்டு வரவுசெலவு பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

அந்த அப்பாவையும் கவனியுங்கள். பள்ளிவாசலுக்கான சர்க்கரையைக் குவியலாக முன்னால் வைத்து உடைத்துக்கொண்டிருப்பார். தன் தேநீருக்கு அதில் ஒரு கட்டி எடுக்கமாட்டார். நம்பிக் கொடுத்த பொருள் என்று சொல்லி, வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்வார். தொலைந்த காலணி இன்னொரு சிறுமியின் காலில் இருப்பதைக் கண்டு பின்தொடர்ந்துபோன அண்ணனும் தங்கையும், அவளுடைய அப்பாவுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் திரும்பிவிடுவது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை.

மகனுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கும். ஸஹ்ரா காலையில், அலி பிற்பகலில் பள்ளிக்குப் போவதால்தான் ஒரு ஜோடி இருவருக்கும் போதுமானதாகிறது. நம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 2016 வாக்கில் பிற்பகல் பிரிவே இல்லாமல் போய்விட்டது. நான் பிற்பகல் பிரிவு, அக்கா காலைப் பிரிவு. அவள் வீடு திரும்பும்போது புளோக்கின் கீழேயே பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்வேன். (இயக்குநர் ஜேக் நியோ 2003-இல் இதே கதையை 1965-இன் சிங்கப்பூர்க் கிராமத்துக்குக் கொண்டுவந்து ‘ஹோம்ரன்’ எடுத்தார். எனக்குப் பிடிக்கும். ஆனால் சத்தம் கொஞ்சம் அதிகம்.)

அக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. சம்பள நாளில் தேக்கா சந்தையிலிருந்து ஆட்டுக்கறி வாங்கி வருவார். “கறி வாசம் வந்தப்புறம்தான் வாயைத் திறக்கணும்” என்பது அக்கா போட்ட சட்டம். சிவப்பு மையில் மதிப்பெண் போட்ட ரிப்போர்ட் புக், உடைந்த கண்ணாடி, சுற்றுலாக் காசு எல்லாம் அதுவரை பைக்குள்ளேயே கிடக்கும். ஒருமுறை கண்ணாடி இல்லாமல் பதினொரு நாள் கரும்பலகையைக் குத்துமதிப்பாகப் படித்தேன். அப்பாவிடம் பயந்ததாக நினைவில்லை. கையில் காசில்லாத நாளில் கேட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்பதை ஒருமுறை பார்த்திருந்தோம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அலி சொல்லத்தான் செய்தான். அப்பாவும் மகனும் தோட்ட வேலை தேடிப் பணக்காரர்கள் வாழும் வடக்கு தெஹ்ரானுக்குப் போவார்களே, அங்கே நல்ல கூலி கிடைக்கும். திரும்பும் வழியில் சைக்கிளில் அப்பா, அதை வாங்கலாம் இதை வாங்கலாம் என்று கனவு கண்டுகொண்டே வருவார். அப்போதுதான் அலி மெல்ல, ஸஹ்ராவுக்குக் காலணி வாங்கலாம், அவளுடையது கிழிந்துவிட்டது என்பான். தொலைந்ததைச் சொல்லவில்லை, தேவையைச் சொல்லிவிட்டான், அதுவும் அப்பாவின் பையில் காசு இருந்த நாளில். அடுத்த நிமிடமே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். அந்தக் கலவரத்தில் நாம் அந்த ஒரு வரியை மறந்துவிடுகிறோம்.

அந்தக் காட்சியை மட்டும் அவனோடு இன்னொரு முறை பாருங்கள். நான் சொன்னதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். கேட்டவன் அவன்தானே, அவனே கண்டுபிடிக்கட்டும்.