மூன்று மாதக் குழந்தை இரவில் தூங்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

"மணிக்கொரு தரம் சிணுங்குகிறான், உடனே தூக்கிவிடுகிறோம், அப்படியும் விடிய விடிய இதே கதை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 'உடனே தூக்கிவிடுகிறோம்' தான் எங்கள் வீட்டிலும் வில்லன்.

என் மனைவி பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சனி ஞாயிறு மட்டும் போய், தூளியில் கிடக்கும் மகளை எட்டிப் பார்த்து "என்ன சமத்து!" என்று மெச்சிவிட்டு ரயிலேறிவிடுவேன். மூன்றாம் மாதம் சென்னைக்குக் கூட்டி வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. ராத்திரி ஒரு முனகல் கேட்டால் போதும், நான் எழுந்து டியூப் லைட்டைப் போட்டு, டயப்பரைத் தடவிப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அவளும் கண்ணை அகல விழித்து ஃபேனைப் பார்த்துச் சிரிப்பாள். மணி 2.

துணைக்கு வந்திருந்த அத்தை நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ முழிக்கல மாப்ளே, புரளுதா. நீங்கதான் எழுப்புதீங்க."

விஷயம் அதுதான். கைக்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி மேலோட்டமான தூக்கம். இமைக்குள் கண் உருளும், கை கால் உதறும், முனகும், சில சமயம் அரைக்கண் திறந்துகூட இருக்கும். ஒரு சுற்று முடிய 50 நிமிடம், ஒரு மணி நேரம் ஆகும், அடுத்த சுற்றுக்குப் போகும் அந்தச் சந்தில்தான் சிணுங்கல் வரும். உங்கள் 'மணிக்கொரு தரம்' கணக்கு சரியாக வருகிறதா? அன்றிலிருந்து சிணுங்கினால் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு 100 வரை எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் 60 தாண்டவில்லை, பொறுக்க முடியாமல் தூக்கிவிட்டேன். மூன்றாம் நாள் 40 எண்ணுவதற்குள் அவளே விரலைச் சூப்பிக்கொண்டு அடங்கிவிட்டாள். அழவிட்டுப் பழக்கச் சொல்லவில்லை, இந்த வயதில் அதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிணுங்கல் வேறு, அழுகை வேறு. அழுதால் உடனே எடுங்கள்.

பசிக்கு எழுவதும் வேறு. மூன்று மாதத்தில் இரவில் இரண்டு மூன்று தரம் பால் கேட்பது சாதாரணம், அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். கொடுக்கும்போது மட்டும் ஜீரோ வாட்ஸ் பல்பு, பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது, டயப்பர் ஊறிப்போனாலோ மலம் போயிருந்தாலோ மாற்றினால் போதும். பகலில் இதற்கு நேர்மாறு: ஜன்னலைத் திறந்து வையுங்கள், குக்கர் விசில், மிக்ஸி எல்லாம் அது பாட்டுக்கு ஓடட்டும். பிறக்கும்போது குழந்தைக்கு ராப்பகல் தெரியாது, அந்தக் கடிகாரம் இப்போதுதான் ஓடத் தொடங்குகிறது.

அப்புறம், சாயங்காலம் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டினால் இரவில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன் பாருங்கள், மகா தப்பு. அலுப்பு மிஞ்சினால் தூக்கமே பிடிக்காது. இந்த வயதில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் விழித்திருந்தாலே அதிகம். கொட்டாவி விட்டாலோ, காதைத் தேய்த்தாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ படுக்கப் போட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. வசம்பு உரசி ஊற்றுவதும் கிரைப் வாட்டரும் வேண்டாம் என்று எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தூளி மேல் எனக்கு ஆசைதான், ஆனால் உள்ளே குழந்தை வளைந்து படுத்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்கு இடைஞ்சல். ஆட்டித் தூங்க வைத்தாலும், பிறகு தலையணை, பொம்மை எதுவும் இல்லாத கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள், உங்கள் அறையிலேயே.

எங்களுக்கு 10 நாளில் தொடர்ந்து நாலரை மணி நேரம் கிடைத்தது. முதல் தரம் அப்படித் தூங்கியபோது மனைவி பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, அவளை எழுப்பிவிட்டுவிட்டாள்.