எஸ்ச்யூ – அந்த வாக்கியம் ஏன் அடிபட்டது

வணக்கம். 'நேரு வீதி நெரிசலை எஸ்ச்யூ (eschew) செய்து ரங்கப்பிள்ளை வீதியில் போனேன்' என்று நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரிதான். அங்கே 'அவாய்ட்' போதும். எஸ்ச்யூ என்பது கொள்கையாக ஒன்றை விலக்குவது. 'புலால் மறுத்தல்' என்கிறோமே, அந்த மறுத்தல். மது, ஆடம்பரம், வன்முறை இவற்றோடு பொருந்தும். ஒருநாள் டிராஃபிக்கோடு பொருந்தாது. ஆட்களை ஒதுக்குவதற்கு 'ஷன்' (shun).

பிரெஞ்சு படிப்பவர் என்கிறீர்கள், குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். 'அஞ்சுதல்' என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேர் பழைய பிரெஞ்சில் 'எஸ்ஷிவர்' ஆகி, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. கூச்சத்தைக் குறிக்கும் 'ஷை'யும் அதே குடும்பம். இன்றைய பிரெஞ்சின் 'எஸ்கிவே' (esquiver) அதே வேர்தான், ஆனால் இத்தாலிய, ஸ்பானிய உறவில் பின்னால் வந்தது. அடி விழாமல் நழுவுவதைச் சொல்லும். உங்கள் வாக்கியம் பிரெஞ்சில் தேறியிருக்கும்!

இலக்கணம்: பின்னால் பெயர்ச்சொல் அல்லது 'இங்' வடிவம் மட்டுமே. 'எஸ்ச்யூ டு ஈட்' தவறு, 'எஸ்ச்யூ ஈட்டிங் மீட்' சரி. 'ஃப்ரம்' ஒட்டாதீர்கள். உச்சரிப்பு 'இஸ்-ச்சூ', அழுத்தம் 'ச்சூ'வில். 'எஸ்க்யூ' என்றால் கோணலைக் குறிக்கும் 'அஸ்க்யூ' என்று காதில் விழும்.