அழுதவனை விடுங்க, அழாதவன் எங்க போனான்னு பாருங்க

கேள்வி: ஆசிரியர் சார், நான் காலேஜ் படிக்கிறேன், ஐபிஎல் வெறியன். பழைய ஃபுட்பால் வீடியோ ஒண்ணு பாத்தேன். 2009ல நியூகாசில் டீம் பர்மிங்காம் போயி ஆஸ்டன் வில்லாகிட்ட தோத்து ரெலகேட் ஆகுது, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்குது. அவே கேலரியில (வெளியூர் டீமோட ஃபேன்ஸ் உக்கார்ற இடம்) தொப்பையும் தொந்தியுமா இருக்கிற ஆளுங்க சட்டையைக் கழட்டிட்டு தேம்பித் தேம்பி அழறாங்க. சொந்தக் காசைப் போட்டு 300 கிலோமீட்டர் போயி அழுதுட்டு வர்றது பைத்தியக்காரத்தனம் இல்லையா? நம்ம ஐபிஎல் மாதிரி, தோத்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு வெச்சுட்டா யாருக்கும் கஷ்டம் இல்லையே?
(திருப்பூர் வாசகர்)

பதில்: தம்பி, 300 கிலோமீட்டர்ங்கறது போறதுக்கு மட்டும். வர்றதுக்கும் அதே 300 இருக்கு, அதுவும் தோத்துட்டு வரணும். பாதி தூரத்துக்கே பைத்தியம்னு பட்டம் குடுத்துட்டீங்க.

அன்னைக்கு என்ன நடந்துச்சுனு தெரிஞ்சுகிட்டுத்தான் கேக்கறீங்களானு எனக்கு சந்தேகம். மே 24, ஞாயித்துக்கிழமை, சீசனோட 38வது மேட்ச், அதோட முடிஞ்சுது. இருபது டீம்ல கடைசி மூணு டீம் கீழ் டிவிஷனுக்கு மூட்டை கட்டணும். வெஸ்ட் ப்ராம் முன்னாடியே கட்டியாச்சு. மிச்சம் ரெண்டு இடம், மாட்டிக்கிட்டு நிக்கறது நாலு பேரு: சண்டர்லேண்ட் 36 பாயிண்ட், ஹல் 35, நியூகாசில் 34, மிடில்ஸ்பரோ 32. ஒருத்தன் ரிசல்ட்டைப் பாத்துட்டு இன்னொருத்தன் ஏதும் தில்லுமுல்லு பண்ணிடக்கூடாதுனு எல்லா மேட்சும் சாயங்காலம் 4 மணிக்கு ஒண்ணா ஆரம்பம். இப்ப கூத்தைக் கேளுங்க, அந்த நாலு டீமும் தோத்துச்சு. நாலும்! அதாவது நியூகாசில் ஜெயிக்கக்கூட வேண்டாம், ஒரு டிரா, வெறும் 0-0 எடுத்திருந்தா ஹல்லோட சேந்து 35, கோல் கணக்குல ஹல்லை விட ஆறு கோல் நல்லா இருந்த டீம், நிம்மதியா தப்பிச்சு வீட்டுக்குப் போயிருக்கும்.

ஹல் அவங்க சொந்த கிரவுண்டுல மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட தோத்துக்கிட்டிருக்கு, அதுவும் மூணு நாள்ல ரோம்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் இருக்குனு அவங்க மேனேஜர் ஃபெர்குசன் பெரிய தலைங்களை உக்கார வெச்சுட்டு சின்னப் பசங்களா பாத்து இறக்கிவிட்ட டீம்கிட்ட. எல்லார் கையிலயும் ஸ்மார்ட்ஃபோன் வர்றதுக்கு முந்தின காலம் அது. காதுல ரேடியோ சொருகியிருக்கறவன் ஒருத்தன் இருப்பான், சுத்தி இருக்கறவன் எல்லாம் கிரவுண்டை ஒரு கண்ணாலயும் அவன் மூஞ்சியை ஒரு கண்ணாலயும் பாத்துக்கிட்டிருப்பான், கடைசி நாள் மேட்ச்னா எந்த ஊர்லயும் அவே கேலரி இப்படித்தான் இருக்கும். ஹல் பின்தங்கியாச்சுங்கற நல்ல சேதி வந்ததுக்கு அப்புறம்தான் இங்க இடி விழுந்துச்சு. 38வது நிமிஷம், வில்லா ஆளு கேரத் பாரி அடிச்ச பந்து நியூகாசில் ஆளு டேமியன் டஃப் மேலயே பட்டு திசை மாறி வலைக்குள்ள போச்சு. சேம் சைடு கோல். அதுக்கப்புறம் 52 நிமிஷம் இருந்துச்சு, ஒரே ஒரு கோல் திருப்பினா போதும், நியூகாசிலுக்கு வரல. பக்கத்து கேலரியில வில்லா ஃபேன்ஸ் பேனர் பிடிக்கறாங்க, ‘உங்க அடுத்த ரட்சகர் யாரு, ஆண்ட்டா டெக்கா’னு. ஆண்ட், டெக் ரெண்டு பேரும் நியூகாசில்காரங்க, டிவி ஷோ நடத்துற ஜோடி.

அந்த நக்கல் சரியான இடத்துல குத்துன நக்கல்ங்கறதையும் சொல்லிடறேன். ஊர்ல ஏதாவது பிரச்சனைனா ஒரு அவதாரம் வந்து காப்பாத்தும்னு காத்திருக்கிற வியாதி அந்த ஜோர்டிக்காரங்களுக்கு (நியூகாசில்காரங்களுக்கு அப்படித்தான் பேரு) உண்டு. அந்த ஒரே சீசன்ல மேனேஜர் கெவின் கீகன் செப்டம்பர்ல கோவிச்சுக்கிட்டுப் போனார், அப்புறம் ஜோ கின்னியர் வந்தார், அவருக்கு ஹார்ட் ஆபரேஷன், நடுவுல கிறிஸ் ஹியூட்டன் சமாளிச்சார், ஏப்ரல் 1ஆம் தேதி (தேதியைப் பாருங்க) மண்ணின் மைந்தன் ஆலன் ஷியரரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாங்க. இங்கிலாந்தோட முதல் டிவிஷனான பிரீமியர் லீக்ல 260 கோல் அடிச்ச மனுஷன்தான், ஆனா மேனேஜர் வேலை அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட பாத்ததில்ல. எட்டு மேட்ச்ல ஒரு வெற்றி, ரெண்டு டிரா, அஞ்சு பாயிண்ட். கோல் அடிக்கறவனை கிரவுண்டுக்கு வெளிய கோட்டு சூட்டு போட்டு நிக்க வெச்சா கோல் எப்படி வரும்.

இப்ப உங்க பைத்தியக்காரன் விஷயத்துக்கு வர்றேன். அவே டிக்கெட் அங்க போனதும் கவுண்டர்ல கிடைக்கிற சரக்கு கிடையாது. வெளியூர் டீமுக்கு 3,000 டிக்கெட், சின்ன கிரவுண்டுன்னா மொத்த சீட்டுல பத்துல ஒரு பங்கு, அவ்வளவுதான். நிறைய க்ளப்புல இதுக்கு பாயிண்ட் சிஸ்டம் உண்டு, முன்னாடி எத்தனை அவே மேட்ச் போயிருக்கான்னு பாத்துத்தான் குடுப்பாங்க, அப்ப மழையில குளிர்ல செவ்வாய்க்கிழமை ராத்திரியில ஊர் ஊரா போனவனுக்குத்தான் கடைசி நாள் டிக்கெட். போதையில அழுதிருப்பான்னும் சொல்லிடாதீங்க, 1985 சட்டப்படி மேட்சுக்குப் போற பஸ்ஸுல சரக்கு கூடாது, கிரவுண்டு தெரியற இடத்துல உக்காந்து குடிக்கவும் கூடாது. (வழியில பப்புக்குள்ள நுழைஞ்சது வேற கதை, அதுக்கு நான் ஜாமீன் இல்ல.)

அழாதவங்க கதையைக் கேளுங்க. 2005ல க்ளப் வரலாற்றுலயே பெரிய தொகை குடுத்து வாங்குன மைக்கேல் ஓவன், காண்ட்ராக்ட் முடிஞ்சுது, அந்த ஜூலையிலேயே மான்செஸ்டர் யுனைடெட் போயிட்டார், 2011ல லீக் மெடலும் வாங்கினார். கூட ஆடின மார்ட்டின்ஸ் ஜெர்மனி போனார், பசாங் டாட்டன்ஹாம் க்ளப்புக்குப் போனார். ஓனர் மைக் ஆஷ்லி க்ளப்பை விக்கறேன்னு போர்டு மாட்டினார், சரியான விலைக்கு ஆள் சிக்கல, போர்டைக் கழட்டினார். பந்து மேல பட்ட அதே டஃப் ஆகஸ்ட்ல ஃபுல்ஹாம் போயி, அடுத்த மே மாசம் யூரோப்பா லீக் ஃபைனல் ஆடினார். இதுல யாரையும் நான் குத்தம் சொல்லல, அவங்க பொழப்பு அது. கீழ இறங்குற க்ளப்புக்குக்கூட அதிர்ச்சி தாங்க லீக்ல இருந்து ‘பாரசூட்’னு பேர் வெச்சே பணம் வரும். ஆட்டக்காரன், ஓனர், க்ளப் கல்லாப்பெட்டி எல்லாருக்கும் ஒரு வழி இருக்கு. இறங்கின க்ளப்போட கூடவே இறங்கற ஒரே ஆளு கேலரியில நின்னு அழுத ஆளுதான், அவன் வேற டீமுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போக முடியாது.

அந்த ஆளு அப்புறம் என்ன பண்ணான்? ஆகஸ்ட் 8, ரெண்டாவது டிவிஷன்ல முதல் மேட்ச், எங்கனு கேளுங்க: வெஸ்ட் ப்ராம் கிரவுண்டு. மே மாசம் தோத்த வில்லா பார்க் கிரவுண்டுல இருந்து சில மைல் தள்ளி. மறுபடியும் அதே ரோடு, அதே தூரம். 1-1 டிரா, நியூகாசிலுக்கு கோல் அடிச்சது யாரு, கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம டஃப்பேதான்! (மே மாசம் அடிச்சிருந்தா என்னப்பா.) அந்த சீசன் முழுக்க ரெண்டாவது டிவிஷன் மேட்ச்சைப் பாக்க சொந்த கிரவுண்டுக்கு சராசரியா 43 ஆயிரம் பேருக்கு மேல வந்தாங்க. ரட்சகர்னு யாரும் பேர் வைக்காத ஹியூட்டன் சத்தமில்லாம 102 பாயிண்ட் எடுத்து டீமை மேல கொண்டு வந்தார். 2016ல திரும்பவும் இறங்கினாங்க, திரும்பவும் ஏறினாங்க.

இனி உங்க ஐபிஎல் யோசனை. 2025ல சென்னை பத்து டீம்ல பத்தாவது வந்துச்சே, என்ன ஆச்சு? நாலு நாள் மீம்ஸ் ஓடுச்சு, அடுத்த ஏலத்துல வந்து உக்காந்து கையைத் தூக்கினாங்க, அவ்வளவுதான். பத்தாவது வந்தாலும் அஞ்சாவது வந்தாலும் ஒண்ணுதான்னா கடைசி நாலஞ்சு மேட்ச் எதுக்கு ஆடறாங்கனு எனக்கு புரியல, டிவிக்கு ஆடறாங்க போல. இந்த யோசனையை உங்களுக்கு முன்னாடியே பெரிய பணக்காரங்க யோசிச்சாச்சு தம்பி. 2021 ஏப்ரல் 18, இங்கிலாந்துல இருந்து ஆறு, ஸ்பெயின், இத்தாலியில இருந்து ஆறுனு பன்னெண்டு க்ளப் சேந்து ‘சூப்பர் லீக்’ அறிவிச்சாங்க, ஆரம்பிச்ச க்ளப்புக்கெல்லாம் இடம் நிரந்தரம், எவ்வளவு தோத்தாலும் யாரும் இறக்க முடியாது. ரெண்டே நாள்தான் தாங்குச்சு. அந்தப் பன்னெண்டுல ஒண்ணான செல்சியோட ஃபேன்ஸ் சொந்த டீம் பஸ்ஸை கிரவுண்டுக்குள்ள விடாம ரோட்டுல மறிச்சு நின்னாங்க, பழைய கீப்பர் பீட்டர் செக் கூட்டத்துக்குள்ள எறங்கி வந்து கொஞ்சம் டைம் குடுங்கனு கெஞ்சினார். அன்னைக்கு ராத்திரியே ஆறு இங்கிலீஷ் க்ளப்பும் ஜகா வாங்கிடுச்சு. கவனிங்க, உங்க டீம் இனிமே எப்பவுமே இறங்காதுனு கையில எழுதிக் குடுத்தாங்க, வேணாம்னு ரோட்டுல உக்காந்தது அந்த டீமோட ஃபேன்ஸே.

காசு விஷயம் மட்டும் பாக்கி. அதை இங்கிலாந்து ஃபேன்ஸே பாத்துக்கிட்டாங்க, 2013ல அவே டிக்கெட்டுக்கு 20 பவுண்டு போதும்னு பிரச்சாரம் ஆரம்பிச்சு விடாம கத்தி, 2016ல லீக்கை 30 பவுண்டுக்கு மேல விக்கக்கூடாதுனு ஒத்துக்க வெச்சாங்க. உங்களுக்கு நிஜமாவே அந்த ஆளு பர்ஸ் மேல அக்கறை இருந்தா வேற கேள்வி கேட்டிருக்கணும்: சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்ச்சை டிவிக்காக திங்கக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மாத்திட்டு, மேட்ச் முடிஞ்சு ஊர் திரும்ப ட்ரெயினே இல்லாம அவனை ஸ்டேஷன்ல விடறாங்களே, அது யாரு குடுத்த உரிமைனு. அதைக் கேட்டு எழுதுங்க, ரெண்டு பக்கம் ஒதுக்கறேன்.