அப்பப்பாவின் சுருட்டும் பேரனின் சிகரெட்டும்

கேள்வி: என்னுடைய அப்பப்பா சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். 84 வயதில் கண்மூடும்வரை சுருட்டை விடவில்லை. நெஞ்சில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. நுரையீரல் புற்றுநோயில் போனார். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது மரபணுவில் இருக்கிறது என்று வாசித்தேன். அப்படியென்றால் எங்கள் பரம்பரைக்குப் பயமில்லைதானே? ஒரு மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் புகைக்கலாமா? எனக்கு 39 வயது. நாளுக்கு 15 சிகரெட். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை.
– வாசகர், உப்புவெளி

பதில்: புகைக்கக் கூடாது. எந்தப் பரிசோதனை அறிக்கையும் உங்களுக்கு அந்த அனுமதியைத் தராது. ஆனால் நீங்கள் வாசித்தது பொய்யுமல்ல. அதில் உண்மை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால், அதை நம்பி உயிரைப் பணயம் வைக்க மாட்டீர்கள்.

சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பென்சோபைரீன் என்ற ஒன்றை மட்டும் பார்ப்போம். அது நீரில் கரையாது. ஆகவே நேராகச் சிறுநீரோடு வெளியேற வழியில்லை. அதைக் கரையக்கூடியதாக மாற்ற உடம்பு ஒரு நொதியத்தை (இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதத்தை) ஏவுகிறது. கொடுமை என்னவென்றால், மாற்றும் வழியில் இடையில் உருவாகும் பொருள்தான் மூலப்பொருளைவிட ஆபத்தானது. அது போய் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்கிறது. கட்டியை அடக்கிவைக்கும் பி53 என்ற மரபணுவில் அது எந்தெந்த இடங்களில் ஒட்டுகிறது என்று கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்குழு தேடியது. நுரையீரல் கட்டிகளில் அந்த மரபணு அடிக்கடி பழுதாகியிருக்கும் இடங்களும் அவைதான் என்று 1996இல் தெரியவந்தது. புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அதற்கு முன்பே கணக்கில் தெரியும். புகை தொட்ட இடம் எது என்பது அன்றைக்குத்தான் மூலக்கூறு அளவில் பிடிபட்டது.

பரம்பரை இங்கேதான் வருகிறது. அந்த மாற்றும் நொதியம் சிலருக்கு வேகமாக வேலை செய்யும். இடைப்பட்ட நஞ்சைக் கட்டி வெளியே அனுப்பும் நொதியங்களில் ஒன்று சிலருக்கு அடியோடு இல்லை. ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதற்கான மரபணுவே கிடையாது. டி.என்.ஏ.யில் விழுந்த பழுதைத் திருத்தும் திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒரே பெட்டியிலிருந்து புகைத்த இருவருக்கு ஒரே கதி வருவதில்லை. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

இனி அளவைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு எங்கே என்று 2008இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே தேடி, 15ஆம் நிறமூர்த்தத்தில் (மரபணுக்களைச் சுமக்கும் இழையில்) ஒரே இடத்தில் வந்து நின்றன. அங்கே உள்ள ஒரு மாறுபாடு ஒரு பிரதியாக இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 1.3 மடங்காகிறது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 1.8 மடங்கு வரை. புகைத்தலோ அதே ஆபத்தை 15 முதல் 30 மடங்காக்குகிறது. நல்ல மரபணு வாய்த்த புகைப்பவர், கெட்ட மரபணு வாய்த்த புகைக்காதவரின் நிலைக்கு ஒருநாளும் வர மாட்டார். உங்களுக்கு ஒரு மரபணு நல்லதாக இருந்து, இன்னும் பத்து கெட்டதாகவும் இருக்கலாம். அப்பப்பாவிடமிருந்து பேரனுக்கு வருவது சராசரியாகக் கால்பங்கு மட்டுமே. அந்தக் கால்பங்கில் அவரைக் காத்தது இருந்தது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

உண்மையில் அவரைக் காத்தது மரபணுவாகவே இல்லாமலிருக்கலாம். சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளது. அதன் நிக்கொட்டின் வாயின் உட்தோலாலேயே இரத்தத்தில் ஏறிவிடும். அதனால் சுருட்டுக்காரர் பலர் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. கரையில் வலை வரும்வரை காத்திருக்கும் பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள்: சுருட்டைப் பல்லிடுக்கில் வைத்து, கன்னம் குழிய ஒரு இழுவை, உடனே வாயாலேயே விட்டுவிடுவார்கள். பாதி நேரம் அது அணைந்தே கிடக்கும். சிகரெட் அப்படியல்ல. அதன் புகை மென்மையானது. ஆழமாக இழுத்தால்தான் நிக்கொட்டின் ஏறும். நீங்கள் நாளுக்கு 15 சிகரெட்டின் புகையை நுரையீரலின் அடிவரைக்கும் அனுப்புகிறீர்கள். இதனால் சுருட்டு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். நுரையீரலையும் முற்றாக விட்டுவைப்பதில்லை. உங்கள் அப்பப்பா தப்பினார், அவ்வளவுதான். அவரோடு சுருட்டுப் பிடித்துத் தப்பாதவர்களை எண்ணிச் சொல்ல உங்கள் வீட்டில் யாருமில்லை.

“எல்லாம் பரம்பரை” என்ற வாதம் புதியதுமல்ல. புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துப் பிரித்தானிய ஆய்வாளர்கள் டோலும் ஹில்லும் 1950இல் எழுதியபின், புள்ளியியலின் பேரறிஞர் ரொனால்ட் ஃபிஷர் எதிர்த்து நின்றார். புகைக்கும் ஆசையைத் தரும் மரபணுவே புற்றுநோயையும் தரலாம் என்றார். அவர் புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அந்த வாதத்தைச் சோதிக்க ஒரு நேரான வழி உண்டு: மரபணு முழுவதும் ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காவிட்டால் என்ன ஆகிறது? நோர்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளின் இரட்டையர் பதிவேடுகளை வைத்து 2017இல் வந்த ஆய்வில், புகைத்த சகோதரருக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். ஒரே மரபணு, ஒரே கருப்பை; வித்தியாசம் சிகரெட்.

மாமியைப் பற்றி: புகைக்காதவருக்கும் இந்த நோய் வருகிறது. பிறர் விடும் புகை, அடுப்புப் புகை, மாசடைந்த காற்று, சிலருக்குப் பரம்பரை. மாமியின் வீட்டில் வேறு யாராவது புகைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் எழுதவில்லை.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி. மேலே சொன்ன 15ஆம் நிறமூர்த்தத்து இடம் எதைச் செய்கிறது தெரியுமா? நிக்கொட்டினைப் பிடிக்கும் ஏற்பிகளை ஆக்குகிறது. அந்த மாறுபாடு உள்ளவர்கள் கூடுதலாகப் புகைக்கிறார்கள், விடுவதும் அவர்களுக்குக் கடினம். இரண்டு முறை முயன்று தோற்ற ஒருவர் தன் மரபணு தன்னைக் காக்கும் என்று நம்ப ஒரு நியாயமும் இல்லை. அதே சமயம், தோற்றதற்காக வெட்கப்படவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை மருந்துதவி. பிரித்தானிய ஆண்களை வைத்து 2000இல் வெளியான கணக்கு இது: தொடர்ந்து புகைப்பவரில் 100க்கு 16 பேருக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய் மரணம். 50இல் விட்டவர்களில் 6. 40இல் விட்டவர்களில் 3. உங்களுக்கு 39.

இந்த வாரமே ஒரு டொக்டரிடம் போங்கள். நிக்கொட்டின் ஒட்டு, சுவிங்கம் போன்றவை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். போவதற்குமுன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? உடம்பு நிக்கொட்டினுக்கு எவ்வளவு அடிமையாகியிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் அளப்பார்கள். அரை மணிக்குள் என்றால் மனவுறுதியை மட்டும் நம்பி மூன்றாம் முறை இறங்க வேண்டாம். அதை டொக்டரிடம் சொல்லி மருந்தோடு தொடங்குங்கள்.